கொழும்பின் பழைய வீடுகளில் பீடைத் தொல்லை: நஞ்சு மட்டும் தீர்வாகுமா?

2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத் தொடக்கத்தில் கொழும்பு நகரின் தங்குவிடுதி ஒன்றில் தங்கியிருந்த இரு வெளிநாட்டு இளம் பெண்கள் திடீரெனச் சுகவீனமுற்று உயிரிழந்தனர். அதற்குச் சில நாட்களுக்கு முன்னர் மூட்டைப்பூச்சிகளை ஒழிப்பதற்காக அவ்விடுதியில் நச்சுப்புகை ஊட்டப்பட்டிருந்ததாகச் செய்திகள் வெளியாகின. மரணங்கள் பற்றிய விசாரணைகள் ஒருபுறமிருக்க, நகரவாசிகள் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியொன்றை அச்சம்பவம் எழுப்பியது. வீட்டிலுள்ள பூச்சியையும் எலியையும் ஒழிப்பதற்கு நாம் கையாளும் வழிகள், அவற்றைக் காட்டிலும் ஆபத்தானவையாக மாறிவருகின்றனவா என்பதே அக்கேள்வியாகும்.

களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரம் தொடக்கம் மட்டக்குளி, கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, புறக்கோட்டை, புதுக்கடை, வாழைத்தோட்டம், மாளிகாவத்தை வரை விரிந்து கிடப்பது கொழும்பின் பழைய நகரம். தமிழ், முஸ்லிம் மக்கள் தலைமுறை தலைமுறையாக நெருங்கி வாழும் இப்பகுதிகளில் எலி, கரப்பொத்தான், நுளம்பு, மூட்டைப்பூச்சி, கறையான் ஆகியவற்றின் தொல்லையை அனுபவிக்காத வீடு இல்லையென்றே கூறலாம். இதனை அங்கு வாழ்வோரின் சுத்தக்குறைவாக மட்டும் கருதுவோர் உளர். ஆனால் அந்நகரத்தின் அமைப்பை நோக்கினால் உண்மை வேறானதாகும்.

ஆறும் பழைய நகரமும்

கொழும்பு தாழ்ந்த நிலத்தில் எழுந்த நகரம். களனி கங்கை, பேரே வாவி, சென் செபஸ்தியன் கால்வாய், தெமட்டகொடைக் கால்வாய் என நீர்நிலைகள் அதனை ஊடறுத்துச் செல்கின்றன. மழைநீர் வடிந்து செல்வதற்குப் போதிய சரிவு இல்லாமையால், கான்களில் நீர் தேங்கி நிற்பது இயல்பாகிவிட்டது. நிலத்தின் கீழுள்ள கழிவுநீர்க் குழாய்த் தொகுதியின் பெரும்பகுதி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்டதாகும். வெடிப்புற்ற குழாய்களும் மூடியிழந்த கான்களும் எலிகளுக்கும் கரப்பொத்தான்களுக்கும் நெடுஞ்சாலைகளாக உள்ளன.

வீடுகளின் அமைப்பும் இதற்குத் துணைபோகின்றது. வரிசையாகக் கட்டப்பட்ட பழைய வீடுகளிலும் கடைகளிலும் ஒரே சுவரை இரு குடும்பங்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஓட்டுக் கூரையின் கீழுள்ள வெளி பல வீடுகளுக்குப் பொதுவானது. ஒரு வீட்டில் நஞ்சு வைத்தால் எலிகள் அடுத்த வீட்டுக்குச் சென்று, சில வாரங்களில் மீண்டும் திரும்பி வருகின்றன. வாடகைக் கட்டுப்பாட்டின் கீழுள்ள பழைய வீடுகளில் சொற்ப வாடகை பெறும் உரிமையாளர் திருத்தவேலை செய்ய முன்வருவதில்லை. வீடு தமக்குச் சொந்தமில்லை என்பதால் குடியிருப்போரும் செலவிடத் தயங்குவர். இவ்விருவருக்கும் இடையில் உடைந்த கான் உடைந்தபடியே கிடக்கின்றது.

1914 கற்பித்த பாடம்

பீடைகளால் இந்நகரம் துன்புற்றது இன்று நேற்றல்ல. 1914ஆம் ஆண்டு கொழும்பில் கொள்ளைநோய் பரவியது. எலிகளின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சிகள் மூலமே அந்நோய் மனிதரைத் தொற்றுகின்றது. அக்காலத்தில் மாநகரின் நுண்ணுயிரியலாளராகப் பணியாற்றிய ஃபேபியன் ஹேர்ஸ்ட், கொழும்பு எலிகளிலுள்ள தெள்ளுக்களை வகைப்படுத்தி ஆராய்ந்தார். நகரெங்கும் பரவலாகக் காணப்பட்ட தெள்ளினம் கொள்ளைநோயைக் கடத்துவதில் வலுக்குறைந்தது என்பதையும், வலுக்கூடிய இனம் தானியக் களஞ்சியங்களை அண்டியே காணப்பட்டது என்பதையும் அவருடைய ஆய்வுகள் எடுத்துக்காட்டின. தானிய மூடைகளுடன் கடல்கடந்து வந்த ஒரு சிறு பூச்சியே ஒரு நகரத்தின் சுகவாழ்வைத் தீர்மானித்தது.

இதிலுள்ள பாடம் இன்றும் பொருந்தும். எலிகள் யாவும் ஒன்றல்ல, நுளம்புகள் யாவும் ஒன்றல்ல. எதிரி எங்கே உண்கிறது, எங்கே பதுங்குகிறது, எங்கே இனம்பெருக்குகிறது என்பதை அறியாது நஞ்சைத் தெளிப்பது இருட்டில் எறியும் கல்லுக்கு ஒப்பானதாகும்.

எலிகளும் எலிக்காய்ச்சலும்

நம் வீடுகளில் பெரும்பாலும் நான்கு வகையினங்களைக் காணலாம். கான்களிலும் நிலத்தடி வளைகளிலும் வாழ்வது பருத்த உடலையுடைய கபில நிற எலி. கூரையிலும் மின்கம்பிகளிலும் ஓடித்திரிவது நீண்ட வாலையுடைய கூரை எலி. அலுமாரிக்குள் கூடுகட்டுவது சுண்டெலி. தோட்டத்தையும் அத்திவாரத்தையும் தோண்டுவது பெருச்சாளி. கூரிய மூக்கும் துர்நாற்றமும் உடைய மூஞ்சூறு எலியினத்தைச் சேர்ந்ததன்று. அது பூச்சிகளையே பெரிதும் உண்கின்றது.

எலியொன்று சுமார் மூன்று வாரங்களில் குட்டி ஈனும். ஓர் ஈற்றில் ஆறு முதல் பன்னிரண்டு குட்டிகள் வரை பிறக்கலாம். அவை இரண்டு மூன்று மாதங்களில் தாமே இனம்பெருக்கத் தொடங்கிவிடும். எனவே ஒரு சில எலிகளைக் கொல்வதனால் மட்டும் பயனில்லை. உணவும் உறைவிடமும் இருக்கும்வரை இழந்த தொகையை அவை விரைவில் ஈடுசெய்துவிடும்.

எலிகளால் விளையும் பெருங்கேடு எலிக்காய்ச்சலாகும். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் இந்நோய் பெருமளவில் பரவி ஏழாயிரத்துக்கும் அதிகமானோரைப் பீடித்தது. வயலில் வேலை செய்வோரின் நோய் என்று இதனை எண்ணி நகரவாசிகள் அசட்டையாக இருப்பதுண்டு. எலியின் சிறுநீர் வழியே வெளியேறும் கிருமி, தேங்கிய நீரிலும் சேற்றிலும் உயிர்வாழ்ந்து, காலிலுள்ள சிறு கீறல் வழியாகவோ கண், மூக்கு, வாய் வழியாகவோ உடலினுள் நுழைகின்றது. ஆறு பெருகும்போது வளைகளிலிருந்து வெளியேற்றப்படும் எலிகள் வீடுகளை நாடுகின்றன. 2016 மே மாதத்திலும், டித்வா புயல் வீசிய 2025 நவம்பர் இறுதியிலும் களனி கங்கை பெருக்கெடுத்தபோது வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளம் வடிந்த பின்னர் வெறுங்காலுடன் சேற்றை அள்ளுவதே மிகுந்த ஆபத்தானது. சப்பாத்தும் கையுறையும் அணிவதோடு, தடுப்பு மருந்து தேவையா என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் கேட்டறிதல் நன்று. வெள்ளத்தில் இறங்கியவருக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் தசைநோ, கண்சிவப்பு, சிறுநீர் குறைதல் என்பன தோன்றினால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். வெள்ளத்தில் நின்ற விடயத்தை வைத்தியரிடம் கூறவும் மறக்கலாகாது.

எலிக்கட்டுப்பாட்டில் முதலிடம் உணவை மறிப்பதற்கே உரியது. இரவில் பாத்திரங்களைக் கழுவாது விடுவதும், குப்பைப் பையை வாசலில் வைத்துவிட்டு உறங்குவதும் எலிகளுக்கு வைக்கும் விருந்தாகும். அடுத்தது வழியை அடைத்தல். அரை அங்குலத் துவாரம் ஒன்றே இளம் எலிக்குப் போதுமானது. இரும்புக் கம்பிநாரைத் திணித்துச் சீமெந்தினால் பூசினால் எலி அதனைக் கடித்துத் திறக்க இயலாது. கான் வாய்களுக்குக் கம்பிவலை பொருத்துவது செலவு குறைந்த நிரந்தரத் தீர்வாகும்.

அதன் பின்னரே பொறி. எலிகள் சுவரோரமாகவே ஓடும் இயல்புடையவை. ஆகையால் பொறியை அறையின் நடுவில் வைக்காது சுவரோடு ஒட்டி வைத்தல் வேண்டும். புதிய பொருளைக் கண்டு அஞ்சும் குணமும் அவற்றுக்கு உண்டு. முதல் இரண்டு மூன்று நாட்கள் பொறியை ஏற்றாமல் கருவாட்டையோ சுட்ட தேங்காய்ச் சொட்டையோ மாத்திரம் வைத்துப் பழக்கிவிட்டு, பின்னர் ஏற்றினால் பலன் கிடைக்கும்.

நுளம்பு: இரு வேறு எதிரிகள்

2016ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தினால் சான்றுப்படுத்தப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே நாடு இதுவரை கண்டிராத டெங்குப் பெருந்தொற்றைச் சந்தித்தது. 2017இல் 1,86,000க்கும் அதிகமானோர் நோயாளராகப் பதிவாகினர். 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒரு நுளம்பை வென்ற நாடு மற்றொரு நுளம்பிடம் தோற்றது ஏன்?

விடை நுளம்பின் பழக்கத்திலேயே உள்ளது. கான்களிலும் மலசலகூடக் குழிகளிலும் உள்ள அழுக்கு நீரில் பெருகி இரவில் கடிப்பது கியூலெக்ஸ் நுளம்பு. யானைக்கால் நோயைப் பரப்பியது அதுவே. டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்போ ஒப்பீட்டளவில் தெளிந்த, சிறிய நீர்த்தேக்கங்களை நாடுகின்றது. அது பகலில், விசேடமாகக் காலையிலும் மாலையிலும் கடிக்கின்றது. எனவே கான் நாற்றத்தைக் கண்டு மாநகர சபையைக் குறைகூறும் ஒருவரின் வீட்டினுள்ளேயே, பூச்சாடியிலும் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டிலும் டெங்கு நுளம்பு வளர்ந்துகொண்டிருக்கலாம்.

தண்ணீர் ஒழுங்காக வராத தொடர்மாடிகளிலும் தோட்டக் குடியிருப்புகளிலும் பீப்பாய்களில் நீரைச் சேமிப்பதைத் தவிர்க்க முடியாது. அவற்றை இறுக மூடுதல் வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை நீரை ஊற்றிவிடுவது மட்டும் போதாது. ஈடிஸ் நுளம்பு தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிவிடுகின்றது. அம்முட்டைகள் நீரின்றிப் பல மாதங்கள் உயிரோடிருந்து, மீண்டும் நீர் பட்டவுடன் பொரிக்கும். ஆகவே உட்சுவரைத் தேய்த்துக் கழுவுதல் இன்றியமையாதது. முட்டை பொரித்து நுளம்பாகப் பறப்பதற்கு ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள் செல்லும். வாரம் ஒருமுறை என்ற கணக்கு அதனாலேயே எழுந்தது.

கூரைப் பீலிகள், இளநீர்க் கோம்பைகள், சிரட்டைகள், யோகட் கோப்பைகள், பழைய டயர்கள், பாவிக்கப்படாத மலசலகூடங்கள் என்பவற்றோடு வழிபாட்டிடங்களின் நீர்த்தொட்டிகளையும் இங்கு குறிப்பிடல் வேண்டும். பள்ளிவாசல் ஹவுழ்களிலும் கோயில் கேணிகளிலும் மீன்கள் வளர்க்கும் வழக்கம் நுளம்புக் குடம்பிகளை உண்ணச் செய்யும் நல்லதொரு ஏற்பாடாகும். அவ்வழக்கம் கைவிடப்பட்ட இடங்களில் அதனை மீண்டும் தொடங்கலாம். புகையடித்தல் பறக்கும் நுளம்பை மாத்திரமே கொல்லும். நீரிலுள்ள குடம்பிகளை அது தீண்டுவதில்லை. டெங்குக் காலத்தில் காய்ச்சல் கண்டோருக்குப் பரசிட்டமோல் தவிர்ந்த அஸ்பிரின், இபுபுரொபன் போன்ற மாத்திரைகளைக் கொடுத்தல் இரத்தப்பெருக்குக்கு வழிவகுக்கும் என்பதையும் நினைவிற் கொள்க.

கரப்பொத்தான், மூட்டைப்பூச்சி, கறையான்

கான் வழியே வரும் பெரிய செந்நிறக் கரப்பொத்தானைத் தடுக்க, நீர் வெளியேறும் துவாரங்களை இரவில் மூடுவதே முதல் வழி. சமையலறை இடுக்குகளில் வாழும் சிறிய இனம் வேறானது. அதன் முட்டைப்பை ஒன்றிலிருந்து 30 முதல் 40 குஞ்சுகள் வரை வெளிவரும். பெரும்பாலும் கடதாசிப் பெட்டிகளோடும் பழைய மின்சாதனங்களோடுமே அது வீட்டினுள் நுழைகின்றது. கரப்பொத்தானின் எச்சமும் உதிர்ந்த தோலும் சிறுவர்களின் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியவை.

மூட்டைப்பூச்சி அழுக்கினால் உண்டாவதன்று. பயணப்பைகளோடும் பழைய மெத்தைகளோடும் வருவது அது. துணிகளைக் கொதிநீரில் அலசுவதும், கட்டில் பொருத்துக்களில் கொதிநீர் ஊற்றுவதும், அதனைத் தொடர்ந்து சில வாரங்கள் செய்வதும் நல்ல பலன் தரும். கறையான் ஈரத்தைத் தேடி வருவது. சுவரில் மண்குழாய் கண்டால் அதனைத் தட்டிவிடுவதோடு நில்லாது, நீர் கசியும் குழாயையும் கூரையையும் திருத்தாவிடின் அது மீண்டும் எழும்.

நஞ்சு: கடைசி வழி

பீடைகொல்லிகளின் இறக்குமதி, விற்பனை, பாவனை என்பன 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தினால் ஒழுங்குபடுத்தப்பட்டுள்ளன. ஆயினும் பெயரோ விபரமோ இல்லாத பொட்டலங்களும் சோக்கட்டிகளும் நடைபாதைகளில் விற்கப்படுகின்றன. சோக்கட்டியைச் சிறுவர் எழுதுகோலாக எண்ணுவர். எலிநஞ்சு பூசிய உணவைப் பிள்ளையும் பூனையும் ஒன்றுபோலவே உண்ணக்கூடும். நப்தலீன் உருண்டைகளோடு வைத்த துணிகளைச் சிசுக்களுக்கு அணிவித்தலும் தவறு. பிறப்பிலேயே ஒருவகை நொதியக் குறைபாடுடைய குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களை அது சிதைத்துவிடும்.

எல்லாவற்றிலும் கொடியது, களஞ்சியங்களில் தானியத்துக்குப் புகையூட்டப் பயன்படும் அலுமினியம் பொஸ்பைட் வில்லையாகும். காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்தவுடன் அது பொஸ்பீன் என்னும் கொடிய வாயுவை வெளியிடுகின்றது. அதற்கு முறிமருந்து கிடையாது. சுவர் வெடிப்பின் வழியே அவ்வாயு அடுத்த அறைக்கும் அடுத்த வீட்டுக்கும் செல்ல வல்லது. மக்கள் வாழும் வீட்டினுள் அதனைப் பாவித்தல் எக்காரணத்தாலும் கூடாது. நஞ்சு உட்கொண்டவரை வாந்தியெடுக்கச் செய்ய முயலாது, நஞ்சின் பொதியையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் நோயாளர் காவுவண்டி இலவசமாகக் கிடைக்கும்.

ஒரு வீட்டின் வேலையன்று

2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நகரம் முழுவதும் எறிந்த குப்பை அதனருகில் வாழ்ந்த ஏழைகளின் மேல் வீழ்ந்தது. பீடைகளின் கதையும் அத்தகையதே. ஒருவர் கானில் எறியும் பொலித்தீன் பை, நான்கு வீடுகளுக்கு அப்பால் நீரைத் தேக்கி நுளம்பை வளர்க்கின்றது. ஹஜ்ஜுப் பெருநாள் காலத்தில் குர்பான் கழிவுகளை ஆழக் குழிதோண்டிப் புதைப்பதும், கோயில் திருவிழாவின் பின் அன்னதான இலைகளை அன்றே அகற்றுவதும் அயலவருக்குச் செய்யும் கடமையாகும்.

மாநகர சபைக்கும் பொறுப்பு உண்டு. கான்மூடிகளைப் பொருத்துவதும், குப்பையை ஒழுங்காக அகற்றுவதும், பழைய குழாய்களைத் திருத்துவதும் குடிமக்களால் செய்யக்கூடியவையல்ல. வரியிறுக்கும் மக்கள் அவற்றைக் கேட்டுப் பெறல் வேண்டும். ஓர் ஒழுங்கையிலுள்ள குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, உடைந்த கான்களையும் மூடியற்ற குழிகளையும் பட்டியலிட்டு, பகுதிக்குரிய பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் கையளித்தால் தனியொருவரின் வாய்மொழி முறைப்பாட்டிலும் அது வலுவுடையதாக இருக்கும். அதே நாளில் தத்தம் கூரைப் பீலிகளையும் பீப்பாய்களையும் சுத்தஞ்செய்யவும் அவர்கள் உடன்படலாம். சுவரைப் பகிர்ந்து வாழ்வோர் இவ்வேலையையும் பகிர்ந்துகொண்டால், நஞ்சுப் பொட்டலத்தை வாங்க வேண்டிய தேவை பெருமளவுக்குக் குறையும்.