பட்டுத் துணி வாங்க 80 கிலோ காசு!

துணிக்கடைக்குப் போகிறீர்கள். மெல்லிய பட்டு ஒன்று பிடித்திருக்கிறது. விலை 20 ஆயிரம் காசு. அத்தனையும் இரும்புக் காசு. எடை சுமார் 80 கிலோ! பட்டைக் கையில் எடுத்து வரலாம். பணத்தைக் கொண்டுபோகத்தான் கூலியாள் வேண்டும்.

கட்டுக்கதை அல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனாவின் சிச்சுவான் மாகாணத்து மக்கள் பட்ட பாடு இது.

செப்புக்குத் தடை

965-ம் ஆண்டில் சுங் அரசு இந்த மலை நாட்டைப் பிடித்தது. அங்கிருந்த செப்புக் காசுகளைத் தலைநகருக்கு அள்ளிச் சென்றது. வெளியிலிருந்து செப்புக் காசு உள்ளே வரவும் தடை போட்டது. மக்களுக்கு மிஞ்சியது இரும்பு. சுங் காலத்துச் செப்புக் காசு கடல் கடந்து வந்து நம் தஞ்சை மண்ணிலும் புதையலாகக் கிடைத்திருக்கிறது. சிச்சுவான் இரும்புக்கு அந்த யோகம் இல்லை.

979-ல் தடை நீங்கியது. ஆனால் கூடவே வந்தது புது உத்தரவு: வரியில் ஒரு பங்கைச் செப்புக் காசாகவே கட்ட வேண்டும்! இல்லாத செப்புக்கு எங்கே போவது? ஒரு செப்புக் காசுக்கு 14 இரும்புக் காசு கேட்டார்கள் வியாபாரிகள். அதிகாரிகள் சிலர் இன்னும் கெட்டிக்காரர்கள். தங்களுக்குச் சம்பளமாக வந்த செப்புக் காசையே மக்களிடம் கொள்ளை விலைக்கு விற்றார்கள். வரியில் செப்பின் பங்கையும் உயர்த்தச் செய்தார்கள். வேறு வழியின்றிச் சிலர் புத்தர் சிலையைச் சுரண்டினார்கள். பழைய சமாதிகளைத் தோண்டினார்கள். கிடைத்தது நாலைந்து காசு. அதற்கும் தண்டனை! கடைசியில் அந்த உத்தரவு கைவிடப்பட்டது.

தாள் வந்தது

இரும்பின் பாரம் மட்டும் குறையவில்லை. ஆயிரம் சிறு காசு 4 கிலோ. செங்டு நகர வணிகர்கள் ஒரு வழி கண்டார்கள். காசை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். அந்த ரசீதே கைமாறத் தொடங்கியது. பெயர் "சியாவ்ட்சு". 16 பணக்கார வீடுகள் சேர்ந்து இதை நடத்தின. பிறகு சிலரால் பணத்தைத் திருப்பித் தர முடியவில்லை. வழக்குகள் குவிந்தன.

1023-ல் அரசே இந்தத் தொழிலை எடுத்துக்கொண்டது. மறு ஆண்டு முதல் நோட்டு வெளிவந்தது. ஓர் அரசாங்கம் வெளியிட்ட உலகின் முதல் காகிதப் பணம் இதுதான் என்கிறார்கள். ஆயிரம் காசு கோத்தது ஒரு சரம். அச்சிட்டது 12 லட்சத்து 56 ஆயிரத்து 340 சரத்துக்கு. கைவசம் வைத்த இரும்புக் காசு 3 லட்சத்து 60 ஆயிரம் சரம். நோட்டுக்குக் கெடு உண்டு. கெடு முடிந்ததும் ஆயிரத்துக்கு 30 காசு கட்டிப் புது நோட்டு வாங்க வேண்டும்.

பல ஆண்டுகள் ஒழுங்காகவே நடந்தது. பிறகு படைச் செலவு ஏறியது. கைவசக் காசு வைக்காமலே அச்சடித்தார்கள். 1107-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஆயிரம் காசு என்று அச்சிட்ட தாளைச் சந்தைக்குக் கொண்டுபோனவருக்குக் கிடைத்தது பத்துக் காசுக்குச் சற்று மேல்.