எச்சங்களை வகைப்படுத்துதல்: இப்பன்கட்டுவ ஈமத்தலம்

மாணவர்களே, இப்பன்கட்டுவவில் கிடைத்த எச்சங்களை வகைப்படுத்துமாறு கேட்டால், "எலும்புக்கூடுகள், பானைகள், மணிகள்" என ஒரே வரியில் எழுதிவிடுகிறீர்கள். அந்த வரியில் பிழை எங்கே எனப் பார்ப்போம்.

எமது மாத்தளை மாவட்டத்தில், தம்புள்ளைக்கு அருகே உள்ள இந்த ஈமத்தலம் ஆதி இரும்புக் காலத்துக்குரியது. இங்கு 1983 - 84, 1988 - 91 காலப்பகுதிகளில் அகழ்வுகள் நடைபெற்றன. காபன் காலக்கணிப்பின்படி இதன் காலம் ஏறத்தாழ கி.மு. 750 - 400 ஆகும்.

எந்த எச்சத்தையும் மூன்று வகைக்குள் அடக்கலாம்.

1. அமைப்பு: மனிதர் உருவாக்கியது, கலைக்காமல் இடத்தைவிட்டு எடுக்க முடியாதது. உ-ம்: கற்பலகைகளை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்த கல்லறை (கற்பதுக்கை).

2. செய்பொருள்: மனிதர் செய்தது, எடுத்துச் செல்லக்கூடியது. உ-ம்: ஈமத்தாழி, கறுப்பு-சிவப்பு மட்பாண்டம், இரும்புப் பொருட்கள், மணிகள்.

3. உயிரியல் எச்சம்: மனிதர், விலங்கு, தாவரம் ஆகியவற்றின் மிச்சம். உ-ம்: எரிந்த மனித எலும்பு.

இங்கு பலர் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. தாழி செய்பொருள், அதனுள் இருக்கும் எலும்பு உயிரியல் எச்சம். ஒன்றாகக் கிடைத்தாலும் இரண்டு பதிவுகள் வேண்டும்.

இனி "எலும்புக்கூடு" என்ற சொல்லைக் கவனியுங்கள். இப்பன்கட்டுவவில் சடலத்தை எரித்து, சாம்பலையும் எலும்புத் துண்டுகளையும் தாழியில் இட்டனர். தமிழ்நாட்டின் ஆதிச்சநல்லூரிலோ தாழிகளுக்குள் எலும்புக்கூடுகளே கிடைத்துள்ளன. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தினால், எரித்தல், புதைத்தல் என்ற இரு வழக்கங்களுக்கிடையிலான வேறுபாடு மறைந்துவிடும்.

அதேபோல், கண்டதை முதலில் எழுதுங்கள். ஊகத்தைப் பின்னர் எழுதுங்கள். "செல்வந்தரின் மாலை" என்பது ஊகம். "கார்னீலியன் மணிகள்" என்பது கண்டது. அக்கல் இந்தியாவிலிருந்து வந்திருக்கலாம் என்பதால் வெளிநாட்டு வணிகம் பற்றிய முடிவை அடுத்த வாக்கியத்தில் தரலாம்.

ஒரு கல்லறையை ஒரு தடவைதான் அகழ முடியும். அதன்பின் எஞ்சுவது பதிவேடு மட்டுமே. அங்கே தவறான சொல் இடம்பெற்றால், பின்னால் வருபவர் அதனைத் திருத்த மீண்டும் தோண்ட இயலாது. பரீட்சையில் நீங்கள் இழப்பது ஓரிரு புள்ளிகள். பதிவேட்டில் இழப்பது வரலாறு.

பயிற்சி: எரிந்த நெல்மணி, அடுப்புக்குழி, இரும்புக் கத்தி ஆகியவற்றை வகைப்படுத்துக. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தருக.