மிதிக்காவிட்டாலும் சுழலும் பெடல்

கொழும்பு மரைன் டிரைவில் ஃபிக்ஸிக்காரர்களின் விடியற்காலைப் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்.

“என்ன ஓடுறாய்?”

“நாப்பத்தாறு பதினேழு.”

“நான் நாப்பத்திநாலு பதினாறு. ரெண்டும் ஒண்டுதானே, மச்சான்.”

“காலுக்கு ஒண்டுதான். உன்ர பின் டயரை ஒருக்காப் பார்.”

பக்கத்தில் நடைப்பயிற்சிக்கு வந்த ஐயாமாருக்கு இது லொத்தர் இலக்கம் போலக் கேட்கும். முதல் எண், பெடலோடு சேர்ந்து சுற்றும் முன் பல்சக்கரத்தின் பற்கள். இரண்டாவது, பின்சில்லில் பூட்டிய சின்னப் பல்சக்கரத்தின் பற்கள். கியர் மாற்றும் வசதி இல்லாத இந்த வண்டியில், ஓட்டுபவரின் சுபாவம் முழுவதையும் இந்த இரண்டு எண்களும் சொல்லிவிடும் என்று இவர்கள் நம்புகிறார்கள்.

ஃபிக்ஸி என்று செல்லமாகச் சொல்லப்படும் வண்டிக்கும் நம் வீட்டுச் சைக்கிளுக்கும் வித்தியாசம் ஒரே இடத்தில்தான். சாதாரணச் சைக்கிளின் பின் பல்சக்கரத்துக்குள் பிரீவீல் இருக்கிறது. முன்னோக்கி மிதித்தால் உள்ளேயிருக்கும் சிறு கொளுவிகள் பிடித்துக்கொண்டு சில்லைத் திருப்பும். மிதிப்பதை நிறுத்தினால் அவை வழுக்கி விலகும், சில்லு தன்பாட்டில் உருளும். இறக்கத்தில் காலை ஆறப்போட்டுக்கொண்டு போகும்போது கேட்கிற ‘கிரிக் கிரிக்’ சத்தம் அந்தக் கொளுவிகளுடையது. ஃபிக்ஸியில் பிரீவீல் கிடையாது. பல்சக்கரம் சில்லின் நடுவிலுள்ள ஹப்போடு இறுகப் பூட்டப்பட்டிருக்கும். சில்லு சுழலும்வரை பெடலும் சுழலும், நீங்கள் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும்.

பழகாதவர் ஏறினால் முதல் வளைவிலேயே இது விளங்கிவிடும். பல வருடப் பழக்கத்தில் கால் ஓய்வெடுக்கப் பார்க்கும். பெடலோ காலைத் தூக்கி எறிந்துவிட்டுச் சுற்றிக்கொண்டே போகும். வளைவில் சரியும்போது உட்பக்கப் பெடலை மேலே தூக்கி வைப்பது நமக்குக் கைவந்த பழக்கம். இதில் அதுவும் முடியாது. பெடல் தன் முறைக்குக் கீழே வந்தே தீரும், தார் ரோட்டில் உரசினால் ஆளையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். அதனால்தான் ஃபிக்ஸிக்கு மூலமான ஓடுதளப் பந்தயச் சைக்கிளின் சட்டத்தில் பெடல் அச்சு சற்று உயர்த்தி வைக்கப்பட்டிருக்கும். பெடல் தண்டும் 165 மில்லிமீற்றர் அளவில் கட்டையாக இருக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பல்ல. ஆதியில் எல்லாச் சைக்கிளும் இப்படித்தான் இருந்தது. பெரிய முன்சில்லுக் காலத்தில் பெடல் நேராக முன்சில்லின் அச்சிலேயே இருந்தது. 1885இல் ஜோன் கெம்ப் ஸ்டார்லி, செயின் வைத்து, இரண்டு சில்லையும் ஏறத்தாழ ஒரே அளவில் வைத்து ரோவர் சைக்கிளை வெளியிட்டபோதும் பின்சில்லு பெடலோடு கட்டுண்டே இருந்தது. பிரீவீல் பரவலானது 19ஆம் நூற்றாண்டின் கடைசி வருடங்களில். கியர் வந்த பிறகும் பந்தயக்காரர்கள் அதை லேசில் ஏற்கவில்லை. டூர் டி பிரான்ஸ் போட்டியைத் தொடங்கிய ஹென்றி டெக்ரான்ஞ் 1902இல், கியர் மாற்றுவதெல்லாம் நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு என்று எழுதினார். அந்தப் போட்டியில் செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் டிரெயிலியருக்கு அனுமதி கிடைத்தது 1937இல்தான். ஆக, மரைன் டிரைவில் “கியர் போட்டவன் கிழவன்” என்று நக்கலடிக்கும் பொடியன் நூறு வருடத்துக்கு முந்திய பகிடியைத்தான் திருப்பிச் சொல்கிறான்.

இனி அந்த எண்களுக்கு வருவோம். 46ஐ 17ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2.7. பெடல் ஒரு முறை சுற்றினால் பின்சில்லு 2.7 முறை சுற்றும். சில்லின் சுற்றளவு சுமார் 2.1 மீற்றர் என்பதால் வண்டி 5.7 மீற்றர் முன்னே போகும். 44–16 பூட்டினால் 5.8 மீற்றர். காலுக்கு வித்தியாசம் தெரியாது என்பது சரிதான். இரண்டிலும் மணிக்கு 30 கிலோமீற்றர் ஓட, நிமிடத்துக்கு 87, 88 சுற்று மிதிக்க வேண்டும். கொழும்பு தட்டையான ஊர் என்பதால் இந்த அளவு பொருந்துகிறது. வெள்ளவத்தையிலிருந்து காலிமுகத்திடல் வரை ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால் கதை கொஞ்சம் மாறும். 1757இல் ஒல்லாந்தர் கட்டிமுடித்த வுல்பெண்டால் தேவாலயம் ஒரு மேட்டில் நிற்கிறது. ஏறுவது பெரிய காரியமில்லை. இறங்கும்போதுதான் கால் 110, 120 என்று பறக்கத் தொடங்கும். ‘நிற்பாட்டு’ என்று மூளை சொல்லும், சில்லு கேட்காது.

டயர் விஷயம் இன்னும் சுவாரசியமானது. கைப்பிரேக் இல்லாமல் ஓட்டுபவர்கள் நிற்பதற்கு ஒரு வித்தை செய்வார்கள். உடம்பை முன்னே சாய்த்துப் பின்சில்லின் பாரத்தைக் குறைத்து, பெடல்கள் கிடையாக வரும் நேரம் பார்த்துக் காலைப் பூட்டிவிடுவார்கள். பின்சில்லு நின்றுபோய் ரோட்டில் இழுபடும். ஒவ்வொருவருக்கும் முன்னே வைக்க வாகான கால் ஒன்றுண்டு, பூட்டுவது எப்போதும் அதே நிலையில்தான். இப்போது 48–16 பூட்டிய வண்டியை எண்ணிப் பாருங்கள். விகிதம் சரியாக 3. பெடல் ஒரு சுற்று முடிந்து அதே நிலைக்கு வரும்போது சில்லு மூன்று முழுச் சுற்று முடித்து அதுவும் அதே நிலைக்கு வந்திருக்கும். ஒவ்வொரு முறை பூட்டும்போதும் டயரின் அதே இடம்தான் ரோட்டில் தேயும். கொஞ்ச நாளில் அந்த ஓரிடத்தில் மட்டும் ரப்பர் கரைந்து உள்நூல் எட்டிப் பார்க்கும், மற்ற இடமெல்லாம் கடையில் வாங்கியபடி இருக்கும்.

44–16ஐச் சுருக்கினால் 11–4. பெடலின் ஒரு நிலைக்கு டயரில் நான்கு இடங்கள் தேயும். 46–17ஐச் சுருக்கவே முடியாது, பொது வகுத்தி இல்லை. அதனால் தேய்மானம் பதினேழு இடங்களுக்குப் பங்கிடப்படும். காலுக்கு ஒன்றாக இருப்பது டயருக்கு நான்கு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. பின்னங்களைச் சுருக்கும் பாடத்தை ஆறாம் வகுப்போடு மறந்துவிட்ட ஒருவன் ஒரு டயரின் விலையைக் கொடுத்து அதை மறுபடி படிக்கிறான். வகுப்பிலேயே இப்படிச் சொல்லித் தந்திருந்தால் எத்தனை பேருக்குக் கணக்குப் பிடித்திருக்குமோ.

கால் பூட்டி நிற்கும் வித்தையைப் பார்க்க ஸ்டைலாக இருக்கும். பௌதிகம் அதற்குச் சாதகமாக இல்லை. வேகம் குறையும்போது பாரமெல்லாம் முன்சில்லுக்கு மாறுகிறது. பின்சில்லு ரோட்டை அழுத்தும் விசை குறைகிறது, அதனால் அதன் பிடியும் குறைகிறது. பின்சில்லை மட்டும் நம்பினால் 30 கிலோமீற்றர் வேகத்திலிருந்து நிற்க, காய்ந்த ரோட்டிலேயே 14 மீற்றர் அளவில் வேண்டும். நல்ல முன்பிரேக் இருந்தால் 6 மீற்றருக்குள் அடங்கும். இடையில் இருக்கும் எட்டு மீற்றருக்குள் காலி வீதியில் ஒரு பஸ் ஓரம் கட்டலாம், ஒரு முச்சக்கரவண்டி சிக்னல் போடாமல் திரும்பலாம், ஒரு அம்மா பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு குறுக்கே இறங்கலாம். ஜம்பட்டா வீதியில் லொறியிலிருந்து மூட்டை இறக்குபவர்கள் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

“முன்னுக்குப் பிரேக் பூட்டினவன் எல்லாம் கலியாணம் முடிச்சவன்” என்பது கூட்டத்தில் அடிக்கடி கேட்கும் பகிடி. என்னைக் கேட்டால், கலியாணம் முடித்தவர்களின் பக்கம்தான் நியாயம். பிரித்தானியச் சட்டம் ஃபிக்ஸியின் காலை ஒரு பிரேக்காகவே ஒப்புக்கொள்கிறது. ஆனால் முன்சில்லுக்கு இன்னொன்று கட்டாயம் இருக்க வேண்டும். 2016இல் லண்டனில் முன்பிரேக் இல்லாத ஓடுதளச் சைக்கிளில் வந்த இளைஞன் மோதி ஒரு பெண் உயிரிழந்தார், அடுத்த வருடம் அவனுக்கு 18 மாதத் தண்டனை கிடைத்தது. சிங்கப்பூர் 2021இல் சைக்கிளுக்குக் கைப்பிரேக் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று சட்டமாக்கியது.

பிரேக் இல்லாமலே பாதுகாப்பாக ஓடக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. இந்தச் சைக்கிள் பிறந்து வளர்ந்த ஓடுதளம் அது. ஒலிம்பிக் தளம் ஒரு சுற்று 250 மீற்றர் நீளம். வளைவுகளில் பலகைத் தளம் 42 பாகை அளவுக்குச் சரிந்து எழும், கீழே நின்று பார்த்தால் சுவர் என்றே தோன்றும். எல்லோரும் ஒரே திசையில் போவார்கள். யாருக்கும் பிரேக் இல்லை என்பதால் முன்னால் போகிறவர் திடீரென்று நிற்கவும் மாட்டார். அங்கே பிரேக் பூட்டினால்தான் ஆபத்து. மணிக்கு 50 கிலோமீற்றர் அளவில் போனால் அந்தச் சரிவில் உடம்பின் பாரம் தளத்துக்குச் செங்குத்தாகவே அழுத்தும், ஓட்டுபவருக்குத் தான் சாய்ந்திருப்பதே தெரியாது. 2022இல் இத்தாலியரான பிலிப்போ கன்னா சுவிற்சர்லாந்தின் கிரென்சன் தளத்தில் ஒரு மணித்தியாலத்தில் 56.792 கிலோமீற்றர் ஓடினார். அவர் பூட்டியிருந்தது 65–14, பெடலின் ஒரு சுற்றுக்கு ஒன்பதரை மீற்றருக்கு மேல். மரைன் டிரைவில் அதைப் பூட்டினால் சிக்னலில் நின்று புறப்படுவதற்குள் பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடித்தே கொன்றுவிடுவார்கள்.

கொழும்பில் அப்படியொரு மரத்தளம் இல்லை. டில்லியில் ஒன்று இருக்கிறது, 2010 பொதுநலவாய விளையாட்டுக்காக அமைந்த இந்திரா காந்தி ஓடுதளம். அங்கே பழகிய எசோ அல்பென், ரொனால்டோ சிங், ரோஜித் சிங் மூவரும் 2019இல் ஜேர்மனியில் நடந்த கனிஷ்ட உலகப் போட்டியின் அணி விரைவோட்டத்தில் தங்கம் வென்றார்கள். எசோ நிக்கோபார் தீவுப் பிள்ளை. அதே தீவுக் கூட்டத்திலிருந்து வந்த டெபோரா ஹெரால்டு, 2004 சுனாமியில் மரத்தைப் பற்றிக்கொண்டு உயிர் தப்பியவர், பிறகு இந்தியாவின் முன்னணி ஓடுதள வீராங்கனையானார்.

ஓடுதளத்திலிருந்து தெருவுக்கு வந்த வித்தைகளில் எனக்குப் பிடித்தது அசையாமல் நிற்பது. முன்சில்லை ஒரு பக்கம் திருப்பி, பெடலை நூலளவு முன்னே அழுத்திப் பின்னே விட்டுக்கொண்டிருந்தால் காலை ஊன்றாமலே நிற்கலாம். ரோட்டின் நடு மேட்டுப் பக்கம் சில்லைத் திருப்பினால் லேசு, சரிவே வண்டியைப் பின்னால் தள்ளித் தரும். பிரீவீல் வண்டியில் பின்னே இழுக்க முடியாது என்பதால் இது மிகவும் கடினம். இருவர் மோதும் விரைவோட்டத்தில் இதற்கு ஒரு தேவை இருக்கிறது. முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்க வேண்டும், பின்னால் வருகிறவருக்கு அந்தச் செலவு இல்லை. ஆகவே ‘நீ முதலில் போ’ என்று இருவரும் நின்றுவிடுவார்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இத்தாலியின் பெத்தனெல்லாவும் பிரான்ஸின் திரென்தனும் இப்படி 21 நிமிடம் 57 வினாடி நின்றார்கள். இப்போது 30 வினாடிக்கு மேல் நிற்க விதி இடங்கொடுக்காது. வெள்ளவத்தைச் சந்தியில் சிவப்பு விளக்கு அதைவிட நீளம்.

தெருவுக்கு இந்த வண்டியைக் கொண்டுவந்தவர்கள் நியூயோர்க்கில் கடிதமும் பொதியும் கொண்டு ஓடிய தூதர்கள். கரிபியன் தீவுகளிலிருந்து குடியேறியவர்கள்தான் முதலில் ஓட்டினார்கள் என்று சொல்வார்கள். உடைய ஒன்றுமில்லை, திருடன் ஏறினால் விழுவான், அதனால் அவர்களுக்கு வாய்த்தது. இன்னொரு ஊற்று ஜப்பான். 1948இல் கொக்குராவில் தொடங்கிய கெய்ரின் பந்தயத்தில் சைக்கிள் வீரர்கள் மேல் பந்தயம் கட்டுவார்கள். யாருக்கும் அனுகூலம் போய்விடக்கூடாதென்று ஒவ்வொரு பாகமும் முத்திரை குத்தப்பட்டதாக இருக்க வேண்டும். ஓய்வுபெற்ற அந்த இரும்புச் சட்டங்கள் பாவித்த பொருளாக உலகமெங்கும் போய்ச் சேர்ந்தன.

கொழும்பில் ஃபிக்ஸி ஓட்டுவதன் நியாயம் வேறு. வெள்ளவத்தையில் கடற்காற்று பட்ட இரும்பு எதுவும் தப்பாது. கியர் மாற்றியின் ஸ்பிரிங், கேபிள், சின்னத் திருகாணிகள் எல்லாம் உப்பில் இறுகிவிடும். ஃபிக்ஸியில் எண்ணெய் காட்ட ஒரு செயின், பார்க்க ஒரு பிரேக், அவ்வளவுதான். 2022 ஜூன் 27 முதல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் எரிபொருள் என்று அரசு அறிவித்தபோது, வருடக்கணக்காகச் சைக்கிளைத் தொடாதவர்களும் டாம் வீதிச் சைக்கிள் கடைகளுக்குப் படையெடுத்தார்கள். சைக்கிளின் விலை ஏறியது, பாகம் கிடைக்கவில்லை. தொண்ணூறுகளில் பெற்றோல் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த பெரியவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். டைனமோவைக் கையால் சுற்றி வானொலி கேட்ட தலைமுறை அது. பாகம் குறைந்த வண்டி பிழைக்கும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

சாதாரணச் சைக்கிளை ஃபிக்ஸியாக மாற்ற நினைப்பவர்களுக்குப் பழைய ரலி, லுமாலா போன்ற வண்டிகள் வசதி. அவற்றில் பின்சில்லு அச்சு இருக்கும் பிளவு கிடையாக இருக்கும். நட்டைத் தளர்த்திச் சில்லைப் பின்னே இழுத்தால் செயின் இறுகும். ஃபிக்ஸிக்கு வேண்டியது அதேதான், செயின் தொய்ந்தால் கழன்று பின்சில்லைப் பூட்டிவிடும். பிளவு செங்குத்தாக இருக்கும் புதிய கியர் வண்டிகளில் இந்த வேலை சுலபமாக நடக்காது.

மாற்றிப் பூட்டுகிறவர்கள் சிக்குவது ஹப்பில்தான். முன்னோக்கி மிதிக்கும்போது பல்சக்கரம் தன் மரையில் மேலும் மேலும் இறுகும். பின்னோக்கி அழுத்தினால் கழலப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் முறையான ஹப்பில் எதிர்த்திசை மரையில் லொக்ரிங் என்ற வளையம் இருக்கிறது. பல்சக்கரம் கழலும் திசையில் அந்த வளையம் இறுகும். சாதாரண ஹப்பின் மரையும் ஃபிக்ஸி பல்சக்கரத்தின் மரையும் ஒரே அளவு என்பதால், லொக்ரிங் இல்லாமலே பசை போட்டு இறுக்கித் தருகிறவர்கள் உண்டு. பிரீவீலுக்கு வெல்டிங் அடித்துத் தருகிறவர்களும் உண்டு. இரண்டுமே தட்டை ரோட்டில் மாதக்கணக்கில் ஓடும். ஒருநாள் இறக்கத்தில் காலைப் பூட்டும்போது பல்சக்கரம் மட்டும் பின்னே கழன்று சுற்ற, வண்டி அதே வேகத்தில் போகும். ஆகவே யாராவது மலிவாக ஒரு ஃபிக்ஸி விற்க வந்தால் நிறத்தையும் ஹாண்டிலையும் பிறகு பாருங்கள். முதலில் வண்டியைக் கவிழ்த்து வைத்து, பல்சக்கரத்துக்கு வெளியே வெட்டுப் பள்ளங்களோடு ஒரு மெல்லிய வளையம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் விலை பேச வேண்டாம்.