கொல்லை வேலியில் பிரண்டைப் பயிர்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே உள்ள ஸ்ரீரங்கத்திலும், திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்த கிராமங்களிலும் கோடைகாலத்தில் கொல்லைக் கீரைகள் வாடிப்போகின்றன. 1934-ஆம் வருஷத்தில் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையிலிருந்து பாசனத்திற்கு நீர் விடுவதற்கு வழக்கமான நாள் ஜூன் 12 ஆகும். அதற்கு முந்திய வறண்ட மாதங்களிலும் பிரண்டை தன் தண்டில் நீரைச் சேமித்துக்கொண்டு பசுமையாய் நிற்கும். ஆயினும், சிராத்த தினத்தில் இதைத் தேடுகிற குடும்பத்தாரிற் பலர், நமைச்சலுக்கு அஞ்சி மற்ற நாட்களில் இதை விலக்கிவிடுகின்றனர்.

இந்நமைச்சலுக்குக் காரணம் யாதெனில், சுண்ணாம்புச் சத்தும் ஆக்ஸாலிக் அமிலமும் சேர்ந்து தண்டினுள் உண்டாகும் ஊசி போன்ற நுண்ணிய படிகங்களேயாம். கருணைக்கிழங்கு நாவில் அரிப்பதும் இதனாலேயே. கருணையைப் பக்குவம் செய்யத் தெரிந்தவர்களுக்குப் பிரண்டை கடினமன்று.

பயிரிடும் முறை: நான்கு பட்டையுள்ள முற்றிய தண்டை இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டுகளாக நறுக்கி, வெட்டுவாய் உலரும்படி ஓரிரு நாள் நிழலில் வைக்கவும். பிறகு ஒரு கணு மண்ணுள் இருக்குமாறு வேலியோரம் இரண்டடிக்கு ஒன்றாக நடவும். நீர் தேங்கினால் தண்டு அழுகுமாதலால், தாழ்ந்த கொல்லைகளில் மண்ணை மேடாக அணைத்து நடுவது நலம். காஞ்சொறிக் கொடி அவ்வேலியில் இருந்தால் முதலில் களைந்துவிட வேண்டும். அதன் சுணை பட்ட மாத்திரத்தில் தோல் எரியும்.

சமைக்கும் முறை: நுனியிலுள்ள இளங்கணுக்களை மட்டும் பறிக்கவும். கைகளில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுவையும் ஓரத்து நாரையும் நீக்கி, சிறு துண்டுகளாக்கவும். பச்சை நிறம் மாறிச் சுருங்கும்வரை நல்லெண்ணெயில் நன்கு வதக்கி, வறுத்த உளுத்தம்பருப்பு, மிளகாய், உப்பு இவற்றோடு தாராளமாகப் புளியும் சேர்த்து அரைத்தால் துவையல் ஆகும். அரை வதக்கலில் இறக்குவதே நாக்கு அரிப்பதற்குப் பெரும்பாலும் காரணம். பச்சையாக ஒருபோதும் உண்ணலாகாது. அப்பள மாவிலும் பிரண்டைச் சாறு சேர்ப்பதுண்டு.

சிறுநீரகக் கல் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே உண்ண வேண்டும். எலும்பு முறிந்தவர்களும் பிரண்டையை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாதிருத்தல் தகாது.

விலைகொடுத்து வாங்கவேண்டிய விதை இதற்கில்லை. கொடி உள்ள அங்கத்தினர் அடுத்த சங்கக் கூட்டத்திற்குச் சில துண்டுகளைக் கொண்டுவந்து மற்றவர்களுக்கு வழங்குவாராயின், வேலிதோறும் இப்பயிர் பரவும்.