வானில் வண்ண ஒளி, ஊரில் இருட்டு

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1989 மார்ச் 13ஆம் தேதி அதிகாலை மின்சாரம் நின்றது. சுமார் 60 லட்சம் பேர் 9 மணி நேரம் வரை இருளில் தவித்தனர். மழையுமில்லை, இடியுமில்லை, காரணம் சூரியன்.

சூரியனில் வெடிப்பு நிகழும்போது மின்னூட்டம் கொண்ட துகள்கள் விண்வெளியில் பாய்கின்றன. பூமியின் காந்தப்புலம் அவற்றைத் துருவப் பகுதிகளை நோக்கித் திருப்புகிறது. அங்கு, தரையிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேலுள்ள ஆக்சிஜனில் அவை மோதும்போது பச்சை ஒளி பிறக்கிறது. இன்னும் உயரத்தில் சிவப்பு. நைட்ரஜன் நீலமும் ஊதாவும் தருகிறது. இதுவே துருவ ஒளி. அந்நாளில் அது அமெரிக்காவின் புளோரிடா வரை தெரிந்தது.

அழகு ஒரு பக்கம், ஆபத்து மறுபக்கம். காந்தப்புலம் வேகமாக மாறும்போது நீண்ட மின்கம்பிகளில் வேண்டாத மின்னோட்டம் புகுந்துவிடும். கியூபெக்கில் பாதுகாப்புக் கருவிகள் அடுத்தடுத்துத் துண்டித்துக்கொள்ள, சுமார் 90 விநாடிகளில் மின்கட்டமைப்பே முடங்கியது.

இத்தகைய நேரத்தில் மருத்துவமனைகளுக்குக் கைகொடுப்பது டீசல் ஜெனரேட்டர். மின்சாரம் அந்தக் கட்டடத்திலேயே உற்பத்தியாவதால் நெடுந்தூரக் கம்பிகளை நம்ப வேண்டியதில்லை. சில விநாடிகளில் தானாக இயங்கி, சுவாசக் கருவிகளைக் காக்கும். ஆனால், கெட்டுப்போன டீசலும் பலவீனமான பேட்டரியும் அவசரத்தில் காலை வாரிவிடும். அவ்வப்போது மின்சுமையுடன் ஓட்டிப் பார்ப்பது அவசியம்.

பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள மலேசியாவில் துருவ ஒளியைக் காண முடியாது. மின்தடையோ இங்கும் வரும். வீட்டில் ஜெனரேட்டர் வைத்திருப்போர் அதை வீட்டுக்குள் இயக்கவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.