புளி, வெல்லம், தோசைக்கல் இருந்தா போதும்: ஜப்பானின் ‘யாகிசோபா’ நூடுல்ஸை வீட்டிலேயே செய்வது எப்படி?

சென்னையிலிருந்து திருப்பதி போகும் சாலையில், திருவள்ளூரைத் தாண்டி திருத்தணிக்கு முன்னால் வருகிறது கனகம்மாசத்திரம். இந்த மாதிரி சாலையோர ஊர்கள்ல சாயங்காலம் ஆனாலே ஃபாஸ்ட் ஃபுட் வண்டிகள்ல நூடுல்ஸ் வாசம் தூக்கும். எக் நூடுல்ஸ், சிக்கன் நூடுல்ஸ், ஷெஸ்வான் நூடுல்ஸ் எல்லாம் கிடைக்கும். ஜப்பான் நூடுல்ஸ்?

தெற்கே ஒரகடத்தில் ரெனோவுடன் சேர்ந்து நிசான் கார் தொழிற்சாலை 2010-ல் திறந்தது. வடக்கே ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்ரீசிட்டியில் இசுசு 2016-ல் உற்பத்தியைத் தொடங்கியது. ஜப்பான் நிறுவனங்கள் இவ்வளவு பக்கத்துல இருந்தாலும் அவங்க ஊர்ச் சாப்பாட்டைத் தேடி சென்னை ரெஸ்டாரன்ட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கு. ஆனால் அவங்க தெருக்கடை நூடுல்ஸான யாகிசோபாவை மட்டும் நம்ம ஊர் மளிகைக் கடைச் சாமானிலேயே செய்துவிடலாம். எப்படின்னு பார்க்கலாம்.

யாகிசோபான்னா என்ன?

‘யாகி’ என்றால் சூட்டில் வாட்டியது, வறுத்தது. ‘சோபா’ என்பது நூடுல்ஸ். சீனாவின் சௌமெய்ன்தான் இதற்கு மூதாதை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானின் தெருவோரக் கடைகளில் பிரபலமாகி, இன்று அங்கே எந்தக் கோயில் திருவிழாவுக்குப் போனாலும் இந்தக் கடை இருக்கும். ஃபுஜி மலை அடிவாரத்தில் உள்ள ஃபுஜினோமியா என்ற ஊர் இந்த ஒரு சாப்பாட்டாலேயே பேர் வாங்கியது. ஜப்பானின் ‘பி-1 கிராண்ட் பிரீ’ உள்ளூர் உணவுப் போட்டியில் 2006, 2007 என இரண்டு வருஷம் தொடர்ந்து முதலிடம் அதற்குத்தான்.

இதை வாணலியில் போட்டுக் குலுக்க மாட்டாங்க. பெரிய தட்டையான இரும்புக் கல்லில் பரப்பி, இரண்டு கரண்டியால் புரட்டுவாங்க. ஆமா, நம்ம கொத்து பரோட்டா கல் மாதிரியேதான்.

‘சோபா’ன்னா சர்க்கரைக்கு நல்லதா?

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. உண்மையான சோபா, பக்வீட் மாவில் செய்வது. வட இந்தியாவில் நவராத்திரி விரதத்தில் சாப்பிடும் ‘குட்டு’ மாவுதான் அது. சோபா ரத்தத்தில் சர்க்கரையை மெதுவாகத்தான் ஏற்றும் என்று படித்துவிட்டு, ‘யாகிசோபாவும் அதுதானே’ என்று நினைத்துவிடுகிறோம். பேரில் சோபா இருந்தாலும் இதில் பக்வீட் கிடையாது. இது கோதுமை மாவு நூடுல்ஸ். சர்க்கரை நோயாளிகளுக்கு மைதா நூடுல்ஸ் சாப்பிடுவதும் இதைச் சாப்பிடுவதும் ஒன்றுதான். கோதுமை, சோயா ஒத்துக்கொள்ளாதவங்களும் தள்ளியிருக்கணும்.

இந்தப் பேர்க் குழப்பம் ஜப்பானிலேயே சண்டையாகியிருக்கிறது. ஒகினாவா தீவின் நூடுல்ஸும் கோதுமைதான். பக்வீட் இல்லாமல் அதை எப்படி சோபா என்று விற்கலாம் என 1976-ல் அதிகாரிகள் கேட்க, அந்த ஊர்க்காரங்க போராடி 1978-ல்தான் ‘ஒகினாவா சோபா’ என்ற பேருக்கு அனுமதி வாங்கினாங்க.

ரகசியம் சாஸ்ல இருக்கு

வண்டிக்கடை நூடுல்ஸுக்கும் யாகிசோபாவுக்கும் பெரிய வித்தியாசமே சாஸ்தான். அங்கே சோயா சாஸும் மிளகாய் சாஸும். இங்கே வூஸ்டர் சாஸ் என்ற இங்கிலாந்து சரக்கின் ஜப்பான் வடிவம். புளிப்பு, இனிப்பு, மசாலா மணம் மூன்றும் சேர்ந்த கெட்டியான சாஸ்.

அந்த இங்கிலாந்து சாஸில் என்ன போடுறாங்க தெரியுமா? வினிகர், வெல்லப்பாகு, வெங்காயம், பூண்டு, மசாலா, அதோட நம்ம புளி! கூடவே நெத்திலி மீனும் உண்டு. அதனால் சைவம் சாப்பிடுறவங்க கடையில் பாட்டில் வாங்கினால், பச்சை வட்டம் இருக்கான்னு பார்த்து வாங்கணும்.

பாட்டிலே வேண்டாம் என்றால் இரண்டு பேருக்கான சாஸ் இப்படி: நெல்லிக்காய் அளவு புளியைக் கால் கப் வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டுங்க. அதில் தக்காளி சாஸ் 2 டேபிள்ஸ்பூன், சோயா சாஸ் ஒன்றரை டேபிள்ஸ்பூன், பொடித்த வெல்லம் 1 டேபிள்ஸ்பூன், நசுக்கிய ஒரு பல் பூண்டு, மிளகுத்தூள் கால் டீஸ்பூன், பட்டை கிராம்புத் தூள் ஒரு சிட்டிகை. சின்னத் தீயில் நாலைந்து நிமிஷம் கொதித்து, கரண்டியில் ஒட்டும் பதம் வந்ததும் இறக்கி, வினிகர் 1 டீஸ்பூன் விடுங்க. நக்கிப் பார்த்தால் புளிப்பு முன்னால், இனிப்பு பின்னால் வரணும்.

உப்பு? தனியா வேண்டவே வேண்டாம். ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸிலேயே ஏறக்குறைய 2 கிராமுக்கு மேல் உப்பு இருக்கு. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் இருக்கணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிபி இருக்கிறவங்க சோயாவை ஒரு டேபிள்ஸ்பூனோடு நிறுத்தலாம்.

நூடுல்ஸுக்கு ஆப்ப சோடா

ஜப்பானில் பயன்படுத்துவது காரத்தன்மை உள்ள உப்பு சேர்த்துப் பிசைந்த நூடுல்ஸ். அதனால்தான் லேசான மஞ்சள் நிறமும், கடித்தால் ரப்பர் மாதிரி எதிர்ப்பும் வரும். நமக்குக் கிடைப்பது ஹக்கா நூடுல்ஸ் பாக்கெட். கவலை இல்லை, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 டீஸ்பூன் ஆப்ப சோடா போட்டு 150 கிராம் நூடுல்ஸை வேகவைத்தால் ஏறக்குறைய அந்தப் பதம் வந்துவிடும். நுரைத்துப் பொங்கும், பெரிய பாத்திரமா எடுங்க. அலுமினியப் பாத்திரம் கூடாது. சோடா பட்டால் கறுத்துப் போகும். எவர்சில்வர் போதும்.

முக்கால் வேக்காட்டில் வடித்து, பச்சைத் தண்ணீரில் நன்றாக அலசி, ஒரு ஸ்பூன் எண்ணெய் பிசறி ஆறவிடுங்க. சூடாகவே கல்லில் போட்டால் களியாகிவிடும்.

கல்லில் போடுவது எப்படி?

அகலமான இரும்புத் தோசைக்கல்லை நன்றாகக் காயவிட்டு, எண்ணெய் விட்டு, முதலில் நூடுல்ஸை மட்டும் பரப்புங்க. கிளறணும்னு கை பரபரக்கும், கிளறாதீங்க. இரண்டு நிமிஷம் விட்டால் அடிப்பக்கம் பொன்னிறமாக முறுகும். அந்த முறுகல் இல்லாவிட்டால் அது யாகிசோபாவே இல்லை. திருப்பிப் போட்டு எடுத்துத் தனியே வையுங்க.

அதே கல்லில் மெல்லிசாக வெட்டிய 150 கிராம் சிக்கன், வெந்ததும் வெங்காயம், கேரட். கடைசியில் கை நிறைய முட்டைக்கோஸ், கொஞ்சம் பெரிய துண்டுகளாக. முட்டைக்கோஸைக் கஞ்சத்தனமாகப் போடாதீங்க, இதில் பாதி ருசியே அதுதான். கிருத்திகை, சஷ்டி என்று கவிச்சி சேர்க்காத நாளில் சிக்கனுக்குப் பதில் காளான் போட்டால் போதும்.

கோஸ் நறுக்கென்று இருக்கும்போதே நூடுல்ஸைச் சேர்த்து, சாஸை மேலே ஊற்றிப் புரட்டுங்க. சாஸ் கல்லில் பட்டு லேசாகக் கருகும்போது ஒரு வாசம் வரும் பாருங்க, அப்போது அடுப்பை அணைச்சிடலாம்.

மேலே தூவ என்ன?

ஜப்பானில் சிவப்பு இஞ்சி ஊறுகாய் வைப்பாங்க. இஞ்சியைக் குச்சியாக நறுக்கி, எலுமிச்சைச் சாறு, உப்பு, ஒரு துண்டு பீட்ரூட்டோடு அரை மணி நேரம் ஊறவைத்தால் நிறமும் ருசியும் கிட்டத்தட்ட வந்துவிடும். கடற்பாசித் தூளுக்கு நம்மிடம் சரியான மாற்று இல்லை. கொத்தமல்லி தூவினால் நன்றாக இருக்கும், ஆனால் அந்த ருசி வேறு.

மீன் சீவலுக்கு மாற்று இருக்கிறது. ஜப்பானின் ‘கட்சுவோபுஷி’யும், இலங்கைத் தமிழர்கள் சம்பலில் போடும் மாசிக் கருவாடும் ஒரே சூரை மீன் இனத்திலிருந்து வருபவை. வீட்டில் மாசி இருந்தால் ஒரு சிட்டிகை இடித்துத் தூவுங்க. அதிலும் உப்பு இருக்கும், அதனால் அன்றைக்குச் சாஸைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க.