கர்ஜிக்கும் மான்கள்!

மான் என்றால் சாது. சருகு அசைந்தாலும் மிரண்டு ஓடும். நாம் அறிந்தது இவ்வளவுதான். அந்த மான் கர்ஜனை செய்யும் என்றால் நம்புவீர்களா?

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் ஒரு தீவு இருக்கிறது. அதன் பெயர் ரம். (குடிக்கிற ரம் அல்ல!) அங்கே சிவப்பு மான்கள் கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன. 1972-ம் ஆண்டு முதல், தீவின் வடபகுதியில் உள்ள மான்களை விஞ்ஞானிகள் தனித்தனியே அடையாளம் கண்டு, பிறப்பு முதல் இறப்பு வரை கணக்கு எழுதி வருகிறார்கள்.

நேற்று தோழன், இன்று எதிரி!

வருடத்தின் பெரும்பகுதி ஆண் மான்கள் தனிக் கூட்டமாகச் சேர்ந்து மேய்கின்றன. வசந்த காலத்தில் கொம்பு விழுந்துவிடும். புதுக் கொம்பு மெல்லிய தோல் மூடி வளரும். அப்போது தகராறு வந்தால், பின்னங்கால்களில் எழுந்து நின்று, முன்னங்கால்களால் குத்துச்சண்டை போடும்! கொம்பில் அடிபடக் கூடாதே!

ஆகஸ்டு மாதத்தில் கொம்பு முற்றிவிடும். செப்டம்பர் கடைசியில் கூட்டம் கலையும். பக்கத்தில் மேய்ந்த தோழனே எதிரி ஆகிவிடுவான்.

ஒவ்வோர் ஆண் மானும் பெண் மான்களைத் திரட்டிக் காவல் காக்கும். இரவும் பகலும் காவல். மேய்ச்சல் ஏறக்குறைய நின்றுபோகும். ஐந்தில் ஒரு பங்கு எடை குறைந்துவிடும். இந்த ஒரு மாதத்தை விட்டால் அடுத்த வருடம்தான். அதுவும் ஏழு வயது முதல் பத்து வயது வரைதான் நல்ல பலம் இருக்கும். உயிரைக் கொடுத்துப் போராடுவதற்குக் காரணம் இதுதான்.

குரல் போட்டி

ஆனால் எடுத்த எடுப்பில் அவை மோதிக்கொள்வதில்லை. போட்டிக்கு வந்த மான் தூரத்தில் நின்று கர்ஜிக்கும். காவல் மான் பதில் கர்ஜனை செய்யும். ஏலத்தில் விலை ஏறுவது போல வேகம் ஏறிக்கொண்டே போகும். விடாமல் கர்ஜிக்க உடலில் தெம்பு வேண்டும். களைத்த மானால் முடியாது. அது திரும்பிப் போய்விடும். ஒரு துளி ரத்தம் சிந்தாமல் வழக்கு தீர்ந்தது!

டிம் கிளட்டன்-பிராக், ஸ்டீவ் ஆல்பன் என்ற இரு விஞ்ஞானிகள் 1979-ம் ஆண்டில் இதை விளக்கி எழுதினார்கள். பதிவு செய்த கர்ஜனையை ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினார்கள். எதிரி வந்துவிட்டான் என்று எண்ணி மான் பதிலுக்குக் கர்ஜித்தது!

கொம்போடு கொம்பு

குரலில் இரண்டும் சமம் என்றால்? பக்கத்தில் பக்கத்தில் விறைப்பாக நடக்கும். நடந்தபடியே ஒன்றை ஒன்று அளந்து பார்க்கும். அப்போதும் ஒன்று விலகிக்கொள்ளலாம். விலகாவிட்டால் மோதல்தான். கொம்பைக் கோத்து, மூச்சுத் திணறத் தள்ளும். கால் இடறிய மானின் விலாவில் கொம்பு பாயும். கண் போவதும், கால் ஒடிவதும் உண்டு.

இதிலே ஒரு வேடிக்கை. பெரியவர்கள் இருவரும் மல்லுக்கு நிற்கும்போது, இளம் ஆண் மான் ஒன்று நைசாக வந்து பெண் மானை ஓட்டிக்கொண்டு போய்விடும்!

அக்டோபர் முடிந்ததும் கர்ஜனை அடங்கும். ஒட்டிய வயிற்றுடன் ஆண் மான்கள் மறுபடி ஒன்று சேரும். குளிர்காலம் வந்துவிட்டது. உடலில் கொழுப்பு இல்லை. மோதிக்கொண்ட மான்கள் ஒரே சரிவில், கிடைத்த புல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும்.